உடல் மம்மியாவது எப்படி, ஏன்: முழுமையான வழிகாட்டி

வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் திறந்தவெளியில் கிடக்கும் சடலம் சில வாரங்களில் எலும்புக்கூடாகிவிடும். மண்ணில் புதைத்தால் சில ஆண்டுகள் ஆகலாம், ஆனால் முடிவு ஒன்றுதான். அப்படியிருந்தும் 5,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவரின் தோலில் குத்திய பச்சையை இன்று எண்ண முடிகிறது. 2,400 ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்டவரின் முகவாயில் மழிக்காத தாடி தெரிகிறது. தோல், தசை, முடி, உள்ளுறுப்பு போன்ற மென்பகுதிகள் அழியாமல் நின்றுவிட்ட உடலைத்தான் மம்மி என்கிறோம்.

மம்மி என்றதும் எகிப்தியரின் ரகசிய மருந்துகளைப் பற்றிய பேச்சுதான் முதலில் வரும். அப்படி ஒரு ரகசியம் தேவைப்படவில்லை. இறப்புக்குப் பிந்தைய முதல் சில நாட்களில் உடலின் நீர் வெளியேறுவது முந்துகிறதா, அழுகல் முந்துகிறதா என்பதுதான் பெரும்பாலும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பாலைவனம் அதைத் தற்செயலாகச் செய்தது, பூசாரிகள் திட்டமிட்டுச் செய்தார்கள். இந்த வழிகாட்டியைப் படித்தபின் எந்த மம்மியின் முன் நின்றாலும் அது உருவான விதத்தை நீங்களே ஊகிக்க முடியும் என்ற எண்ணத்தில்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: அழுகல் எப்படித் தொடங்குகிறது

இதயம் நின்ற சில நிமிடங்களில் செல்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகிறது. செல்லுக்குள் இருக்கும் நொதிகள் அந்தச் செல்லையே கரைக்கத் தொடங்குகின்றன. நொதிகள் நிறைந்த கணையமும் இரைப்பையும் இதில் முதலில் சிக்குகின்றன. வெளியிலிருந்து எந்தக் கிருமியும் வரவேண்டியதில்லை. உடல் தன்னைத் தானே செரித்துக்கொள்கிறது.

அடுத்து குடல் பாக்டீரியா. உயிரோடு இருந்தவரை உணவைச் செரிக்க உதவிய அதே நுண்ணுயிர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி என்ற தடை விலகியதும் குடற்சுவரைக் கடந்து ரத்தக்குழாய்கள் வழியே உடலெங்கும் பரவுகின்றன. வெப்பமான சூழலில் இரண்டு மூன்று நாட்களில் வலது அடிவயிற்றில் பச்சை நிறம் படரும். பெருங்குடல் தொடங்கும் பகுதி அங்கேதான் தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. பிறகு வாயு சேர்ந்து வயிறு உப்பும். இதற்குள் ஈக்கள் கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் முட்டையிட்டிருக்கும்.

நொதி, பாக்டீரியா, புழு ஆகிய மூன்றுக்குமே நீர் இல்லாவிட்டால் வேலை நடக்காது. வயது வந்தவரின் உடல் எடையில் பாதிக்கும் மேல் நீர்தான். ஆகவே இயல்பான நிலையில் அவற்றுக்குக் குறையே இருப்பதில்லை. மம்மி உருவாகும் கதை இங்கிருந்துதான் பிரிகிறது.

படி 2: எங்கெல்லாம் தடை போடலாம்

நீரை வெளியேற்றுவது முதல் வழி. நீரை அப்படியே உறையவைப்பது இரண்டாவது. பனிக்கட்டியாக மாறிய நீரை நுண்ணுயிர்களால் பயன்படுத்த முடியாது. ஆக்சிஜனை மறிப்பது இன்னொன்று, ஆனால் அது மட்டும் போதாது. ஆக்சிஜன் இல்லாமலேயே வாழும் பாக்டீரியாக்கள் குடலில் ஏராளம். அதனால் காற்றை மறிப்பதோடு குளிரோ, அமிலமோ, உப்போ சேர வேண்டும். புரதங்களின் அமைப்பையே வேதிப்பொருளால் மாற்றி, கிருமிகள் தின்ன முடியாதபடி செய்வது கடைசி வழி. விலங்குத் தோலைப் பதனிடுவதும் ஃபார்மலின் ஏற்றுவதும் இந்த வகையில் அடங்கும்.

உடல் முழுவதும் ஒரே வேகத்தில் உலர்வதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விரல் நுனி, மூக்கு, காது ஆகியவை முதலில் சுருங்கிக் காய்கின்றன. வயிறும் மார்பும் கடைசியில்தான். கைகால்கள் அப்படியே இருக்க வயிற்றுப் பகுதி மட்டும் அழிந்துபோன உடல்கள் கிடைப்பது இதனால்தான். மெலிந்தவர்கள் பருத்தவர்களைவிட விரைவாக உலர்கிறார்கள். பிறந்த உடனே இறந்த குழந்தைகளின் குடலில் பாக்டீரியா ஏறக்குறைய இல்லை என்பதால் அந்தச் சின்ன உடல்கள் வியக்கத்தக்க அளவுக்கு நிலைத்திருக்கின்றன.

படி 3: இயற்கையின் வழிகளைப் பிரித்தறிதல்

மணல்

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1900 முதல் இருக்கும் கெபெலைன் மனிதரை எடுத்துக்கொள்வோம். மேல் எகிப்தில் கி.மு. 3400 அளவில் இறந்தவர். ஆழமில்லாத ஒரு குழியில், இடப்பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை மார்போடு மடித்துக் குறுகிய நிலையில் கிடந்தார். சூடான மணல் தோலை நேராகத் தொட்டது. உடலிலிருந்து கசிந்த நீரை மணல் உறிஞ்சியது. மேலே வெயில், கீழே வடிகால். யாரும் எதுவும் செய்யாமலேயே உடல் காய்ந்து நின்றது. 2012இல் வெளியான சி.டி. ஸ்கேன் முடிவுகளின்படி அவர் 20 வயதை ஒட்டிய இளைஞர். முதுகில் குத்துப்பட்டு இறந்திருக்கிறார். அவருடைய மேற்கையில் கரிய கறை என்று நெடுங்காலம் நினைக்கப்பட்டது, காட்டு எருதும் மலையாடும் சேர்ந்த பச்சைக்குத்து என்று 2018இல் தெரியவந்தது.

இறந்தவர்மேல் மரியாதை கூடக்கூட எகிப்தியர் அவர்களைப் பெட்டியிலும் கல்லறையிலும் வைத்தார்கள், மணலின் தொடர்பு அறுந்தது, உடல் அழுகியது, அதை ஈடுகட்டவே பதப்படுத்தும் கலை பிறந்தது என்பது பாடநூல்களில் வரும் விளக்கம். அழகான விளக்கம்தான், ஆனால் முழு உண்மையாக இருக்க முடியாது. மணற்குழிக் காலத்துச் சடலங்களைச் சுற்றியிருந்த துணிகளில் பிசினும் எண்ணெயும் கலந்த பூச்சு இருந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும், இயற்கையாகவே காய்ந்தது என்று கருதப்பட்டுவந்த ஓர் உடலிலும் அதே போன்ற பூச்சு இருந்ததாக 2018இல் அறிவித்தார்கள். மணல் வேலை செய்துகொண்டிருந்த காலத்திலேயே மனிதர்கள் தங்கள் பங்குக்கு ஏதோ செய்யத் தொடங்கிவிட்டார்கள். இயற்கை, செயற்கை என்று கோடு போட்டுப் பிரிப்பது நமக்கு வசதி. அந்த மக்களுக்கு அப்படி ஒரு கோடு இருந்ததாகத் தெரியவில்லை.

குளிர்

1991 செப்டம்பர் 19 அன்று ஆல்ப்ஸ் மலையில் சுமார் 3,210 மீட்டர் உயரத்தில் மலையேறிகள் இருவர் கண்ட உடல்தான் ஓட்ஸி. கி.மு. 3300ஐ ஒட்டி வாழ்ந்தவர், வயது 45 அளவில். பாறைப் பள்ளம் ஒன்றில் கிடந்ததால், நகரும் பனியாற்றின் அரைப்பு அவர்மீது விழவில்லை. இடத்தோளில் புதைந்திருந்த கல் அம்புமுனை 2001இல்தான் எக்ஸ்ரேயில் அகப்பட்டது. உடலில் 61 பச்சைக்குத்துகள், வயிற்றில் மலையாட்டு இறைச்சியும் மானிறைச்சியும் பழங்காலக் கோதுமையும். ஓட்ஸியின் திசுக்களில் இன்றும் ஈரம் இருக்கிறது. அவரை ஈர மம்மி என்றே சொல்வார்கள்.

கிரீன்லாந்தின் கிலாகிட்சோக்கில் 1972இல் கண்டெடுக்கப்பட்ட எட்டு உடல்களின் கதை வேறு. ஆறு பெண்கள், இரண்டு குழந்தைகள். 1475ஐ ஒட்டிய காலம். மழையும் வெயிலும் படாத பாறை நிழலில், குளிர்ந்த வறண்ட காற்று அவர்களை உறையவைத்துக்கொண்டே உலர்த்தியது. பனிக்கட்டி திரவமாகாமல் நேரே ஆவியாகிப் போயிருக்கிறது.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் உள்ள யூயயாக்கோ எரிமலை உச்சியில், 6,739 மீட்டர் உயரத்தில், 1999இல் ஜோஹன் ரைன்ஹார்டும் கான்ஸ்டன்சா செருட்டியும் தலைமை தாங்கிய குழு எடுத்த மூன்று பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியை முடிக்க எனக்கு மனமில்லை. இன்கா அரசின் சடங்குக்காகப் பலியிடப்பட்டவர்கள். மூத்தவளுக்கு ஏறத்தாழ 13 வயது, மற்ற இருவரும் பள்ளி செல்லும் வயதைக்கூடச் சரியாக எட்டாதவர்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால் அதைத் துண்டு துண்டாகச் சோதித்து மாதவாரியாக வாழ்க்கையைப் படிக்க முடியும். அந்தச் சிறுமியின் பின்னலைச் சோதித்தபோது, கடைசி மாதங்களில் கோக்கா இலையும் மதுவும் அவளுக்கு மிகுதியாகக் கொடுக்கப்பட்டது தெரிந்தது. குளிர் அவள் உடலோடு சேர்த்து அந்தச் சாட்சியத்தையும் காத்து வைத்திருக்கிறது.

சதுப்பு

சதுப்பு நிலம் என்றால் எல்லாம் அழுகிக் கிடக்கும் என்றுதான் தோன்றும். வட ஐரோப்பாவின் ஸ்பேக்னம் பாசி நிறைந்த சதுப்புகள் நேர்மாறானவை. அங்கே தேங்கிய நீரில் ஆக்சிஜன் இல்லை, அமிலத்தன்மை அதிகம், ஆண்டின் பெரும்பகுதி குளிர். இவற்றோடு அந்தப் பாசி மட்கும்போது வெளியிடும் ஒரு சர்க்கரைப் பொருள் தோலின் புரதத்தோடு வினைபுரிந்து அதைப் பதனிடுகிறது. பாக்டீரியாவுக்கு வேண்டிய சத்துகளையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. தோல் கறுத்து மின்னும், முடி செம்பட்டையாகும். எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை அமிலம் கரைத்துவிடும். பாலைவனத்தில் எலும்பு உறுதியாக இருக்கும். இங்கே எலும்பு இளகி, தோல் உறுதியாக நிற்கும்.

1950 மே மாதம் டென்மார்க்கின் சில்கெபோர்க் அருகே எரிபொருளுக்காகச் சதுப்புக் கரி வெட்டியவர்கள் ஓர் உடலைக் கண்டு, அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துப் போலீசுக்குச் சொன்னார்கள். அவர்தான் டோலுண்ட் மனிதர், கி.மு. 405க்கும் 380க்கும் இடையில் இறந்தவர். தலையில் தோல் தொப்பி, இடுப்பில் கச்சை, கழுத்தில் பின்னிய தோல் கயிறு. கண்கள் மூடியிருந்தன, நெற்றிச் சுருக்கங்கள் கலையவில்லை. தூக்கிலிடப்பட்டபின் யாரோ அவர் கண்களையும் வாயையும் மூடி, உறங்கும் நிலையில் ஒருக்களித்துக் கிடத்தியிருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பார்லியும் ஆளி விதையும் களை விதைகளும் மீனும் கலந்த கஞ்சிதான் கடைசி உணவு.

உப்பு, காற்று, அடைப்பு

ஈரானின் சஞ்சான் பகுதி உப்புச் சுரங்கத்தில் இடிபாட்டில் சிக்கிய தொழிலாளர்களை உப்பே காத்தது. முதல் உடல் 1990களின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. மெக்சிகோவின் குவானாஹுவாட்டோவில் வறண்ட காற்று புகும் கல் மாடங்களில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் தாமாகவே உலர்ந்தார்கள். மாடத்துக்கான கட்டணம் செலுத்தப்படாத உடல்களை 1865 முதல் வெளியே எடுத்தபோதுதான் அது தெரிந்தது.

சீனாவின் சாங்ஷா நகரருகே மாவாங்துயியில் 1972இல் திறக்கப்பட்ட சின் ஷூய் சீமாட்டியின் கல்லறை இந்த எல்லா வகைகளுக்கும் விதிவிலக்கு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சுமார் 50 வயதில் இறந்தவர். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சவப்பெட்டிகள், உடலைச் சுற்றி 20 அடுக்குப் பட்டு, வெளியே டன் கணக்கில் மரக்கரி, அதைச் சுற்றிக் கெட்டியான வெள்ளைக் களிமண். காற்றும் நீரும் உள்ளே புக வழியில்லை. உடல் காயவே இல்லை. தோல் ஈரமாகவும் மிருதுவாகவும் இருந்தது, மூட்டுகளை மடக்க முடிந்தது. உணவுப்பாதையில் 138 முலாம்பழ விதைகள் கிடைத்தன. பழம் தின்ற சில மணி நேரத்தில் மாரடைப்பு வந்து இறந்தார் என்பது மருத்துவர்களின் முடிவு. நீர் வெளியேறாமலும் உடல் நிலைக்கலாம் என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடையாது. அந்த அளவுக்கு இறுக்கமான அடைப்பு வரலாற்றில் மிக அரிது.

ஈரமும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்தால் உடற்கொழுப்பு சோப்பு போன்ற வெளிர் மெழுகாக மாறி உருவத்தைக் காப்பதும் உண்டு. அது மம்மியின் நெருங்கிய உறவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

படி 4: மனிதக் கை நுழைந்த இடம்

மனிதர்கள் முதலில் கையாண்டது புகையாக இருக்கலாம். தென் சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய, குந்தி உட்காரவைத்த சடலங்களின் எலும்பில் நீண்டநேரம் மெல்லிய வெப்பம் பட்ட தடயம் இருப்பதை 2025இல் வெளியான ஆய்வு காட்டியது. பாப்புவா நியூகினியின் மலைப்பகுதி மக்கள் அண்மைக் காலம்வரை இதே முறையில் உடல்களைப் புகையில் உலர்த்திச் செம்மண் பூசி வைத்திருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த மம்மிகள் சின்சோரோ மக்களுடையவை. வட சிலி, தென் பெரு கடற்கரையில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். அவர்களிடம் அரசன் இல்லை, மட்பாண்டம் இல்லை, உழவு இல்லை. ஆயினும் எகிப்தியரைவிட ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. 5000 அளவில், உடலைத் திட்டமிட்டுப் பதப்படுத்தினார்கள். துருவப் பகுதிகளை விட்டால் உலகிலேயே வறண்ட அட்டகாமா பாலைவனம் அவர்கள் காலடியில் இருந்தது. புதைத்தவை காய்ந்து நிற்பதை அவர்கள் பார்த்துத்தான் வளர்ந்திருப்பார்கள்.

கறுப்பு மம்மி செய்த முறை இது. முதலில் தலையையும் கைகால்களையும் உடலிலிருந்து பிரித்தார்கள். தோலை உரித்து, தசையையும் உறுப்புகளையும் கல் கருவியால் நீக்கினார்கள். எலும்புகளைக் காயவைத்து, நேரான குச்சிகளை வைத்துக் கட்டி உடலைத் திரும்ப நிறுத்தினார்கள். சாம்பல் குழைவை அப்பிச் சதையின் வடிவத்தை மீட்டார்கள். மேலே உரித்த தோலைப் போர்த்தினார்கள். போதாத இடத்தில் கடற்சிங்கத்தின் தோலை ஒட்டினார்கள். கடைசியாக மாங்கனீசுக் கறுப்பைப் பூசி, முகத்துக்குக் களிமண் முகமூடியும் தலைக்கு மனித முடியால் ஆன டோப்பாவும் வைத்தார்கள். பிற்காலச் சிவப்பு மம்மிகளில் உடலை முழுவதும் பிரிக்காமல் சிறு கீறல்கள் வழியே உறுப்புகளை எடுத்துக் காவி பூசினார்கள். சிலவற்றில் பூச்சைப் பலமுறை புதுப்பித்த தடயம் இருக்கிறது. அப்படியானால் செய்து முடித்த உடனே புதைக்கவில்லை, தங்களோடு வைத்திருந்தார்கள். இந்தக் குடியிருப்புகளும் கல்லறைகளும் 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

படி 5: எகிப்தின் 70 நாட்கள்

முழுச் செயல்முறைக்கும் 70 நாட்கள் என்பது மரபு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த குறிப்பும், மம்மிகளின் ஸ்கேன்களும், அண்மை அகழாய்வுகளும் சேர்ந்து நமக்குத் தரும் வரிசை இது.

உடலைக் கழுவுவார்கள். வளைந்த உலோகக் கொக்கியை மூக்குத் துளை வழியே செலுத்தி, மூளையைத் தாங்கும் மெல்லிய எலும்பை உடைத்து, மூளையைக் கலக்கி வடியவிடுவார்கள். மூளைக்குப் பெரிய மதிப்பு எதுவும் தரப்படவில்லை. எல்லா மம்மிகளிலும் மூளை நீக்கப்பட்டதும் இல்லை. பிறகு இட விலாவுக்குக் கீழே கூர்மையான கல் கத்தியால் ஒரு வெட்டு. அந்த வழியே கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை எடுத்துத் தனித்தனியே உலர்த்துவார்கள். அவை ஹோரஸ் என்ற தெய்வத்தின் நான்கு மகன்களின் காவலில் நான்கு ஜாடிகளுக்குள் போகும். இதயம் மட்டும் உள்ளேயே இருக்கும். மறுமையில் மாட் தேவதையின் இறகுக்கு எதிரே தராசில் வைக்கப்படப் போவது அதுதானே. வெட்டியவர் செய்த காரியம் உடலுக்குக் காயம் விளைவித்த குற்றம் என்பதால், வெட்டி முடிந்ததும் மற்றவர்கள் அவரைக் கல்லெறிந்து துரத்துவது சடங்காக இருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதியிருக்கிறார்.

சமையலறை அறிந்தவருக்கு இந்த வரிசை உடனே விளங்கும்: மீனைக் குடல் நீக்கி, கழுவி, உப்பில் புதைத்து உலர்த்துவது போன்றதுதான். முதலில் அழுகும் பகுதியை அகற்றிவிட்டு மீதியிலிருந்து நீரை இழுப்பது.

நீரை இழுக்க அவர்கள் பயன்படுத்தியது நேட்ரான். வாடி நட்ரூன் ஏரிகள் வற்றும்போது கரையில் படியும் இயற்கை உப்பு அது. சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் முக்கியப் பகுதிகள். சாதாரண உப்பும் சல்பேட்டும் கொஞ்சம் கலந்திருக்கும். நீரை உறிஞ்சுவதோடு, காரத்தன்மையால் கொழுப்பையும் உடைக்கும். சாதாரண உப்பைவிட அது மேலானது இதனால்தான். உடலை நேட்ரான் கரைசலில் ஊறவைத்தார்கள் என்ற கருத்து ஒரு காலத்தில் பரவியிருந்தது. பின்னர் செய்த சோதனைகள், உலர்ந்த நேட்ரானை உடலின் உள்ளும் புறமும் குவித்ததுதான் நடந்தது என்பதற்கு ஆதரவாக நின்றன. 1994இல் பாப் பிரையரும் ரொனால்ட் வேடும் அமெரிக்காவின் மேரிலேண்டில், அறிவியலுக்குத் தானமாக வந்த உடலைப் பண்டைய கருவிகளின் நகல்களைக் கொண்டு இதே முறையில் பதப்படுத்திப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான கிலோ நேட்ரானில் 35 நாட்கள் வைத்தபின் உடல் சுருங்கி, எடை பெரிதும் குறைந்து, அழுகாமல் நின்றது.

உலர்ந்த உடலை எடுத்துத் துடைத்து, விறைத்த தோலுக்கு எண்ணெய் தடவி, குழிவிழுந்த மார்பையும் வயிற்றையும் லினன் துணியாலும் மரத்தூளாலும் நிரப்பினார்கள். மேலே உருக்கிய பிசின். ஈரத்தையும் பூச்சியையும் மறிப்பது அதன் வேலை. பிறகு சுமார் இரண்டு வாரம் துணி சுற்றல், விரல் விரலாக, இடையிடையே தாயத்துகளை வைத்து. செல்வர்களுக்கு நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் துணி செலவாகியிருக்கிறது.

சாக்காராவில் கண்டெடுக்கப்பட்ட, கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒரு பதப்படுத்தும் கூடம் இந்தக் கலையைப் பற்றிய நம் அறிவை வெகுவாகக் கூட்டியது. அங்கிருந்த பானைகளின்மேல் 'தலையில் இடுவதற்கு', 'மணத்தை இனிமையாக்க' என்ற பொருளில் குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன. பானையில் ஒட்டியிருந்த மிச்சத்தை வேதியியல் சோதனைக்கு உட்படுத்தியதால் எந்த உறுப்புக்கு எந்தக் கலவை என்று நேராகத் தெரிந்தது. 2023இல் வெளியான அந்த முடிவுகளில் தேவதாரு எண்ணெய், தேன்மெழுகு, விலங்குக் கொழுப்பு ஆகியவற்றோடு, ஆசிய மழைக்காடுகளில் மட்டும் கிடைக்கும் குங்கிலிய வகைப் பிசினும் இருந்தது. கிருமியை எதிர்க்கும் பொருளைத் தேடி அவ்வளவு தூரத்துக்கு வணிகம் நீண்டிருக்கிறது. எகிப்திய அரசர் இரண்டாம் ராம்செஸின் மூக்குக்குள் மிளகு வைக்கப்பட்டிருந்ததும் இங்கே நினைவுக்கு வருகிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்த மூக்கு தட்டையாகாமல் நிற்கிறது.

வசதியில்லாதவர்களுக்கு மலிவான முறைகளும் இருந்தன. வயிற்றை வெட்டாமல் ஆசனவாய் வழியே எண்ணெய் செலுத்தி உள்ளுறுப்பைக் கரைத்து வடிப்பது ஒன்று. குடலைக் கழுவிவிட்டு நேட்ரானில் போடுவதோடு நிறுத்திக்கொள்வது மற்றொன்று. அரசர் என்பதால் தரமான வேலை என்றும் சொல்ல முடியாது. துட்டன்காமனின் உடலில் பிசினை அளவுக்கு மீறி ஊற்றியதில் அது பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. 1925இல் அதைப் பிரித்தெடுக்க உடலைத் துண்டிக்க வேண்டியதாயிற்று.

படி 6: உயிரோடு இருக்கும்போதே தொடங்கியவர்கள்

வட ஜப்பானின் யமகதா பகுதியில், யுதோனோ மலையைச் சார்ந்த துறவிகள் சிலர் தங்கள் உடலையே இதற்காகத் தயார்செய்தார்கள். தானியங்களை விட்டு, கொட்டை, விதை, வேர், மரப்பட்டை ஆகியவற்றை மட்டும் ஆண்டுக்கணக்கில் உண்டு கொழுப்பை அறவே குறைத்தார்கள். இறுதியில் நிலத்தடி அறைக்குள் தியானத்தில் அமர்ந்து உயிர்விட்டதாக மரபு சொல்கிறது. 1783இல் 96 வயதில் மறைந்த ஷின்னியோகாய் துறவியின் உடல் தைனிச்சிபோ கோயிலில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. ஜப்பானின் காலநிலை ஈரமானது. எனவே தவ உணவு மட்டும் போதாமல், பின்னால் புகையூட்டியும் காயவைத்தும் உடலைக் காத்த நிகழ்வுகள் உண்டு. மெய்ஜி அரசு 19ஆம் நூற்றாண்டில் இதைத் தடைசெய்தது.

படி 7: வேதியியல் வந்தபின்

சிசிலியின் பலெர்மோ கப்புச்சின் மடத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, துறவிகளின் உடல்களை வடிகால் அறையில் சுடுமண் குழாய்களின்மேல் கிடத்தி மாதக்கணக்கில் உலர்த்தி, வினிகரால் கழுவி, உடை அணிவித்து நிறுத்தினார்கள். அதே மடத்தில் 1920இல் இரண்டு வயது நிரம்பாமல் இறந்த ரோசாலியா லொம்பார்டோவும் இருக்கிறாள். உடல்களைப் பதப்படுத்துவதில் வல்லவரான ஆல்ஃபிரெடோ சலாஃபியா அவள் ரத்தக்குழாய்களில் செலுத்திய கலவையின் குறிப்பு பின்னாளில் அவருடைய கையெழுத்துப் படியில் கிடைத்தது. ஃபார்மலின் புரதங்களைப் பிணைத்தது, ஆல்கஹால் உலர்த்தியது, கிளிசரின் அளவுக்கு மீறிக் காயாமல் தடுத்தது, சாலிசிலிக் அமிலம் பூஞ்சையைக் கொன்றது, துத்தநாக உப்புகள் கன்னத்துக்கு உறுதி கொடுத்தன.

1924இல் இறந்த லெனினின் உடல் இன்றும் மாஸ்கோவில் இருப்பதற்குக் காரணம் இடைவிடாத பராமரிப்பு. கிளிசரின், பொட்டாசியம் அசிடேட் கரைசலில் குறிப்பிட்ட கால இடைவெளியில் அதை அமிழ்த்தி எடுக்கிறார்கள். பராமரிப்பை நிறுத்தினால் நிலைக்காது என்பதால் அதை மம்மி என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

படி 8: ஏன் செய்தார்கள்

எகிப்தியர்களே எழுதி வைத்துவிட்டார்கள். இறந்தபின்னும் உயிர்க்கூறுகள் திரும்பிவந்து தங்க ஓர் உடல் வேண்டும். அது அடையாளம் காணும்படி இருக்க வேண்டும். அதனால்தான் முகத்துக்கு அவ்வளவு கவனம். இன்காக்களுக்கு இறந்த அரசர் அரசராகவே நீடித்தார். அவருடைய நிலமும் பணியாளர்களும் அவருடைய மம்மியிடமே இருந்தன. விழாக்களில் அவரைத் தூக்கிவந்து விருந்தில் அமரவைத்தார்கள். யமகதா துறவிகள் பின்னால் வரப்போகும் புத்தருக்காகக் காத்திருந்தார்கள். லெனினைப் பொறுத்தவரை ஓர் ஆட்சிக்குத் தன் தொடக்கத்தின் முகம் தேவைப்பட்டது.

சின்சோரோ மக்கள் எதையும் எழுதவில்லை. ஆனால் அவர்களின் மிகப் பழைய மம்மிகளில் பெரும் பங்கு குழந்தைகளும் கருவில் இறந்த சிசுக்களும். அவர்கள் குடித்த கமரோனெஸ் ஆற்று நீரில் ஆர்சனிக், இன்றைய உலக சுகாதார நிறுவன வரம்பைவிடச் சுமார் 100 மடங்கு இருக்கிறது. ஆர்சனிக் கருச்சிதைவை உண்டாக்கும். பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்த பெற்றோரின் துயரத்திலிருந்தே இந்த வழக்கம் பிறந்திருக்கலாம் என்று மானிடவியலாளர் பெர்னார்டோ அர்ரியாசா கருதுகிறார். நிரூபிக்க முடியாத கருதுகோள் என்றாலும், இதுவரை சொல்லப்பட்டவற்றில் என்னை நம்பவைப்பது இதுதான். விரல் நீளச் சிசுவுக்குக்கூட முகமூடி செய்து வைத்தவர்களை அதிகாரமோ ஆடம்பரமோ தூண்டியிருக்க வாய்ப்பில்லை.

படி 9: ஒரு மம்மியின் முன் நிற்கும்போது

முதலில் தோலையும் எலும்பையும் ஒப்பிடுங்கள். தோல் கறுத்துப் பளபளக்க, உடல் நசுங்கித் தட்டையாகியிருந்தால் சதுப்பு. பழுப்புத் தோல் எலும்போடு இறுகியிருந்தால் வறட்சி. அடுத்து உடலின் நிலையைப் பாருங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்து நேராகக் கிடத்தியிருந்தால் யாரோ ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள்; குறுகிக் கிடந்தால் மணற்குழியாகவோ ஆண்டிஸ் வழக்கத் துணிமூட்டையாகவோ இருக்கலாம். இட விலாவில் வெட்டு, மூக்கின் உச்சி எலும்பில் உடைவு ஆகியவை எகிப்தியக் கையெழுத்து. இவை கண்ணுக்குத் தெரியாவிட்டால் அருகில் வைத்திருக்கும் சி.டி. படத்தில் தேடுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் மம்மியின் துணியை அவிழ்ப்பது ஐரோப்பாவில் கூட்டம் சேரும் கேளிக்கையாக இருந்தது. அப்படி அழிந்தவை ஏராளம். இன்று அவிழ்க்கத் தேவையில்லை. எகிப்திய அரசர் முதலாம் அமன்ஹோடெப்பின் பூமாலை சுற்றிய மம்மியை இக்காலத்தில் யாரும் அவிழ்க்கவில்லை, சி.டி. வழியே அவர் 35 வயது அளவில் இறந்தவர், 169 சென்டிமீட்டர் உயரம், பற்கள் நல்ல நிலையில் இருந்தன என்று 2021இல் அறிவித்தார்கள். நான்கு வெவ்வேறு நிலப்பகுதி மக்களின் 137 மம்மிகளை ஸ்கேன் செய்த 2013ஆம் ஆண்டு ஆய்வு, மூன்றில் ஒரு பங்கினருக்கு ரத்தக்குழாய்த் தடிப்பு இருந்ததைக் காட்டியது. இக்கால வாழ்க்கைமுறைதான் அந்த நோய்க்கு முழுக் காரணம் என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, அந்த உடல் எப்படிப்பட்ட பெட்டிக்குள் இருக்கிறது என்று கவனியுங்கள். உருவான விதத்துக்கு ஏற்பத்தான் பாதுகாப்பும் இருக்க முடியும். வறட்சியில் காய்ந்த சின்சோரோ மம்மிகள் சில, சிலியின் அரிக்கா நகரின் காற்றில் ஈரம் கூடியதால் தோல் இளகிக் கறுப்புக் குழம்பாக வழியத் தொடங்கின. காரணம் வெளியிலிருந்து வந்த புதுக் கிருமி அன்று, தோலில் எப்போதும் வாழும் சாதாரண பாக்டீரியாதான் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015இல் தெரிவித்தார்கள். ஈரமாகவே உறைந்த ஓட்ஸிக்கு இதற்கு நேர்மாறான ஏற்பாடு: மைனஸ் 6 டிகிரி, 99 சதவீத ஈரப்பதம், அவ்வப்போது கிருமி நீக்கிய நீர்த் தெளிப்பு. யூயயாக்கோ பிள்ளைகள் அர்ஜென்டினாவின் சால்ட்டா நகர அருங்காட்சியகத்தில் மைனஸ் 20 டிகிரியில் இருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே காட்சிக்கு வைக்கிறார்கள். டோலுண்ட் மனிதரைக் கண்டெடுத்த காலத்தில் முழு உடலைக் காக்கும் நுட்பம் கைவசம் இல்லாததால் தலையை மட்டும் பதப்படுத்தினார்கள். சில்கெபோர்க்கில் அவரைப் பார்க்கப் போனால் முகத்தில் தெரியும் ஒவ்வொரு சுருக்கமும் அசல். கழுத்துக்குக் கீழே உள்ள உடல் பிற்காலத்தில் மீட்டமைத்தது.